ரப்பர் அச்சும் காலண்டர் தாளும்: கையால் பொங்கல் வாழ்த்து அட்டை செய்யும் முழுமையான வழிகாட்டி

இதைப் படித்தபடியே செய்து முடித்தால் உங்கள் கையில் 12 பொங்கல் வாழ்த்து அட்டைகள் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பானை, ஒரே கரும்பு, ஒரே எழுத்து. ஆனாலும் சித்தப்பாவுக்குப் போகவேண்டிய அட்டையை அத்தைக்கு மாற்றி அனுப்ப முடியாது. ஏனென்றால் அதில் சித்தப்பாவுக்கென்றே ஒரு துண்டு ஒட்டியிருக்கும்: அவர் பிறந்தநாள் வரும் காலண்டர் தாளோ, அவர் ஊருக்குப் போன பஸ்ஸின் டிக்கெட்டோ.

அச்சு எத்தனை முறை வேண்டுமானாலும் விழும். கண்டெடுத்த துண்டு ஒரு முறைதான். இந்த இரண்டையும் ஒரே அட்டையில் பொருத்துவதுதான் இங்கே வேலை. ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் கைவினைப் பெட்டிகளை நான் சிபாரிசு செய்யாததற்கும் அதுதான் காரணம். அவற்றில் வரும் பளபளப் பூவும் பட்டாம்பூச்சியும் அழகாகவே இருக்கும், ஆனால் யாரையும் நினைவுபடுத்தாது.

முதலில் வேலையின் வரிசை. அச்சு செதுக்குவது, காகிதத்துக்கு நிறம் ஏற்றுவது, அச்சிடுவது, துண்டு ஒட்டுவது, எழுதி உறையில் போடுவது. இதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் காகிதம் முழுதாகக் காயவேண்டும். மார்கழிப் பனியில் அது நாம் நினைப்பதைவிட மெதுவாகத்தான் காயும். மார்கழி பிறக்கும்போதே செதுக்க உட்கார்ந்துவிட்டால் பதற்றம் இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் அட்டை என்றால் கார்த்திகை பிறக்கும்போதே.

காகிதம்

250 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் 250 கிராம்) கனமுள்ள வெள்ளை அட்டைக் காகிதம் கேட்டு வாங்குங்கள். சார்ட் பேப்பர் வேண்டாம். பெரும்பாலானவை மெல்லியவை, ஈரம் பட்டதும் நெளிந்துவிடும். ஏ4 தாளை (210 × 297 மி.மீ.) குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு ஏ5 துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் மடித்தால் ஒரு அட்டை, அளவு 105 × 148 மி.மீ. ஆக 12 அட்டைக்கு 6 தாள். பழகிப் பார்க்க இன்னும் 2 தாள் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மடிப்பதற்கு முன் ஒரு விஷயம் பார்க்கவேண்டும். ஆலைக் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். தாளை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக எளிதில் வளையும், மறு பக்கமாக முரண்டு பிடிக்கும். எளிதில் வளையும் வாக்கில் மடித்தால் மடிப்பு நேராக விழும். எதிர் வாக்கில் மடித்தால் விளிம்பு வெடித்து நார் தெரியும். வேறு வழியின்றி எதிர் வாக்கில்தான் மடித்தாகவேண்டும் என்றால், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக இரண்டு முறை அழுத்தி இழுத்து ஒரு பள்ளம் போட்டுக்கொண்டு மடியுங்கள்.

கொஞ்சம் செலவு செய்ய மனம் இருந்தால் கையால் செய்த காகிதம் வாங்கலாம். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் பல காலமாகப் பருத்தித் துணிக் கழிவிலிருந்து காகிதம் செய்கிறது. அந்த வகைக் காகிதத்தின் ஒழுங்கற்ற விளிம்பே ஓர் அலங்காரம். ஆனால் அதன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் நுணுக்கமான எழுத்து அச்சு திட்டுத்திட்டாக விழும். பானை, சூரியன் போன்ற பெரிய வடிவங்களுக்கு அது சரி. எழுத்தைத் தனி வெள்ளைத் துண்டில் அச்சிட்டு மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

எழுத்து அச்சு: ரப்பரில் செதுக்குவது

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வழவழப்பான வெள்ளை ரப்பர்தான் நம் அச்சுக் கட்டை. வினைலில் செய்தது, வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். பென்சில் முனையில் வரும் இளஞ்சிவப்பு ரப்பர் பொடிப்பொடியாக உதிரும், அதை விட்டுவிடுங்கள். செதுக்க லினோ உளி (அச்சுக் கட்டை செதுக்கும் சிறிய உளி) செட் கிடைத்தால் நல்லது. அதில் 'வி' வடிவ வாய் உள்ள உளி ஒன்று போதும். கிடைக்காவிட்டால் புது பிளேடு போட்ட சிறிய கட்டர்.

அச்சில் எழுத்து திரும்பி இருந்தால்தான் காகிதத்தில் நேராக விழும். இதற்காக மூளையைக் கசக்க வேண்டாம். பட்டர் பேப்பரில் மென்மையான பென்சிலால் (2பி அல்லது 4பி) எழுத்தை எப்போதும்போல் நேராக எழுதுங்கள். எழுதிய பக்கம் ரப்பர்மேல் படும்படி கவிழ்த்துப் போட்டு, முதுகில் நகத்தால் தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் இறங்கிவிடும், திரும்பிய நிலையிலேயே. இப்போது தெரிவதை அப்படியே செதுக்கவேண்டியதுதான்.

செதுக்கும்போது பிளேடைச் செங்குத்தாகப் பிடிக்கக்கூடாது. கோட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரித்துப் பிடியுங்கள். எழுத்தின் கோடு மேலே குறுகி, அடியில் அகன்று நிற்கவேண்டும், வயல் வரப்பு நிற்பதுபோல. அடிப்பக்கம் குடைந்துவிட்டால் நாலு முறை அச்சிட்டதும் கோடு மடங்கிப் பிய்ந்துவிடும். ஆழம் 2 மி.மீ. போதும். வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். பிடித்திருக்கும் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால். பிள்ளைகள் கூட உட்கார்ந்தால் அவர்களுக்கு அச்சிடும் வேலையைக் கொடுங்கள், செதுக்கும் வேலையை அல்ல.

'பொங்கல் வாழ்த்து' என்று முழு வரியையும் ஒரே ரப்பரில் செதுக்க ஆசை வரும். வேண்டாம். ஓரெழுத்து கெட்டால் மொத்தமும் போச்சு. தனித்தனியாகச் செதுக்கினால் இந்த இரண்டு சொல்லுக்கும் தேவைப்படுவது பத்தே அச்சு: ஒற்றைக் கொம்பு, ப, கால், ங, க, ல, வ, ழ, த, து. 'பொ'வில் வரும் காலும் 'வா'வில் வரும் காலும் ஒன்றே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அச்சே தேவையில்லை. இயர்பட் முனையை மையில் தொட்டு வைத்தால் போதும்.

ப, ட போன்ற நேர்கோட்டு எழுத்தில் கை பழகிக்கொண்டு, ழ-வைக் கடைசியில் எடுங்கள். முதல் ழ-வில் சுழி ஒட்டிக்கொண்டு அடைந்துவிடுவது சகஜம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, 15 மி.மீ. உயரத்தில் வைத்துக்கொண்டால் சுழிக்குள் உளி நுழைய இடம் இருக்கும்.

ஒருமுறை ருசி கண்டவர்கள் முழுத் தமிழ் செட்டும் செதுக்காமல் விடமாட்டார்கள். 247 எழுத்தா என்று மலைக்க வேண்டாம். உயிர் 12, ஆய்தம், மெய் வடிவம் 18, துணைக் குறிகள் 6 (கால், இகர, ஈகார விசிறி இரண்டு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு), வடிவம் மாறிவிடும் உகர, ஊகார வரிசைக்கு 36, அப்புறம் டி, டீ இரண்டும் தனியாக. மொத்தம் 75 அச்சில் தமிழில் எதையும் அடித்துவிடலாம். தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு இங்கே நன்றி சொல்லவேண்டும். அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் தனி வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செதுக்கவேண்டியிருந்திருக்கும். இப்போது ஒரே கால், ஒரே ஐகாரக் கொம்பு எல்லாருக்கும் பொது.

வரி நேராக வர ஒரு உத்தி. எல்லா ரப்பர்த் துண்டையும் ஒரே உயரத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ழ-வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும் என்பதால் அதற்கான இடத்தை மற்ற எழுத்துகளுக்கும் அடியில் வெறுமையாக விட்டுவையுங்கள். அட்டைமேல் ஸ்கேலை வைத்து, ரப்பரின் கீழ் விளிம்பை அதில் முட்டவைத்து அச்சிட்டுக்கொண்டே போனால் வரி கோணாது. பக்கவாட்டில் எழுத்தை ஒட்டியே வெட்டிவிட்டால் இடைவெளியும் கண்ணுக்குத் தெரியும். விசிறி மட்டும் மெய்யின் தோளைத் தொடவேண்டும், அதைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள்.

பானை, கரும்பு, சூரியன்

பானை பெரியது, ரப்பரில் அடங்காது. 3 முதல் 5 மி.மீ. கனமுள்ள ஃபோம் ஷீட்டில் பானை வடிவத்தைக் கத்தரித்து, அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி மஞ்சள் கொத்தையும் கழுத்துக் கோலத்தையும் வரையுங்கள். அழுத்திய இடம் பள்ளமாகி, அச்சில் வெள்ளைக் கோடாக வரும். பழைய ஹவாய் செருப்பின் அடிப்பாகம் இதற்கு அருமையான பொருள் என்பது அச்சு செய்கிற பலருக்குத் தெரியும். ஆனால் பொங்கல் பானையைச் செருப்பில் செதுக்கினேன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள்! கிழிந்த யோகா பாயின் துண்டும் அதே வேலையைச் செய்யும். வெட்டிய வடிவத்தை இரண்டு மூன்று அடுக்கு கெட்டி அட்டையில் ஒட்டி, முதுகில் ஒரு பாட்டில் மூடியைக் கைப்பிடியாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

கரும்புக்கு எதையும் செதுக்கவேண்டாம். கெட்டி அட்டையை 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, அதன் விளிம்பைப் பச்சையோ ஊதாவோ கலந்த அக்ரிலிக் வண்ணத்தில் தொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக அச்சிடுங்கள். ஒவ்வோர் அச்சுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விடவேண்டும். அந்த இடைவெளிதான் கணு. இதைச் சொல்லிக் கொடுத்தால் ஐந்து வயசுப் பிள்ளையும் கரும்பு போடும். அதே அட்டையை வில்லாக வளைத்து உச்சியில் அச்சிட்டால் தோகை.

சூரியனுக்கு எலுமிச்சையைக் குறுக்கே வெட்டி, வெட்டுப் பக்கம் துணியில் படும்படி ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். சாறு வடியாமல் அச்சிட்டால் வெறும் சேறுதான் வரும். காய்ந்த பிறகு மஞ்சள் வண்ணத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி அச்சிட்டால் சுளைகள் கதிர்களாக விழும். ஓரத்தில் பூ வேண்டுமானால் வெண்டைக்காயின் காம்புப் பக்கம். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது வாழை மட்டை. குறுக்கே வெட்டினால் உள்ளே காற்றறைகள் வரிசையாக இருக்கும். பிறை வடிவ விளிம்புக்குள் வலை பின்னியதுபோல் அச்சு விழும். யாரிடம் காட்டினாலும் இது எதில் செய்தது என்று கேட்பார்கள்.

இலை அச்சுக்கு முதுகுப் பக்கத்தில் வண்ணம் பூசுங்கள், நரம்பு அங்கேதான் எடுப்பாக இருக்கும். பூவரசும் அரசும் நன்றாக வரும். மாவிலை தோரணத்துக்குப் பொருத்தம், ஆனால் தளிரை எடுக்காமல் முற்றிய இலையை எடுங்கள்.

மை

அலுவலகங்களில் ரப்பர் ஸ்டாம்புக்கு வைத்திருக்கும் ஊதா மை மலிவு, எங்கும் கிடைக்கும், உடனே காயும். ஆனால் அது சாயம். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும், வெயிலில் வைத்தால் நாளாக ஆக வெளிறும். அச்சுக்குமேல் வாட்டர்கலர் பூச உத்தேசம் இருந்தால் அது உதவாது. கைவினைக் கடைகளில் நிறமி மை என்று கேட்டால் வேறு வகை கிடைக்கும். அது காகிதத்துக்குள் இறங்காமல் மேலே தங்கும், காய நேரமாகும், நிறம் நிற்கும்.

இரண்டும் வேண்டாம் என்றால் வீட்டிலேயே பேட் செய்யலாம். ஒரு டப்பா மூடியில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சின் மென்மையான பாகத்தை வெட்டிப் போட்டு, அக்ரிலிக் வண்ணத்தைச் சில சொட்டுத் தண்ணீரோடு குழைத்து ஊற்றுங்கள். போஸ்டர் கலர் என்றால் ஒரு சொட்டு கிளிசரின் சேர்த்தால் சீக்கிரம் காயாது.

அச்சைப் பேடில் குத்துவதைவிட, பேடைக் கையில் எடுத்து அச்சின்மேல் ஒற்றுவது மேல். எங்கே மை பட்டது, எங்கே படவில்லை என்பது தெரியும். அட்டைக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள்களை மடித்து மெத்தையாகப் போடுங்கள். நேராக வைத்து, நேராக அழுத்தி, நேராக எடுக்கவேண்டும். அசைத்து அழுத்தினால் செதுக்காத ஓரமும் பதிந்துவிடும். அப்படி ஒரு நிழல்கோடு விழுந்துவிட்டாலும் தூக்கிப் போடாதீர்கள். அது கையால் செய்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பின்னணி: மஞ்சளும் சுண்ணாம்பும்

வெள்ளை அட்டையிலேயே நேராக அச்சிடலாம். பொங்கலுக்கென்றால் நான் மஞ்சள் பூசச் சொல்வேன். அரை ஸ்பூன் மஞ்சள்தூளை 100 மி.லி. வெந்நீரில் கலக்கி, வேட்டித் துணியில் வடிகட்டி, அகலப் பிரஷால் ஒரே திசையில் பூசுங்கள். காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் நெளிவு போய்விடும்.

இனி வேடிக்கை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒரு பட்டாணி அளவு எடுத்து இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, இயர்பட்டால் தொட்டு அந்த மஞ்சள் தாளில் கோலப்புள்ளி வையுங்கள். தொட்ட இடம் கண்ணெதிரே சிவக்கும். ஆரத்தித் தட்டில் நடப்பதேதான் இங்கும் நடக்கிறது: மஞ்சளின் நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவப்பாக மாறும். காயும்போது சிவப்பு அடங்கிச் செம்பழுப்பாகும், அது இன்னும் நன்றாக இருக்கும். பிள்ளைகள் செய்வதானால் சுண்ணாம்புக்குப் பதில் சமையல் சோடா கரைத்த தண்ணீர் கொடுங்கள். சிவப்பு சற்றுக் குறையும், கண்ணில் பட்டாலும் சுண்ணாம்பு அளவு ஆபத்தில்லை. ஒரே குறை, மஞ்சள் வெயிலில் வெளுக்கும். சுவரில் மாட்டி வைக்கிற படத்துக்கு மஞ்சள் அக்ரிலிக்கே சரி.

காலி இடம் ஒன்று

அச்சிடத் தொடங்கும் முன் 4 × 5 செ.மீ. அளவுக்கு ஒரு சீட்டு வெட்டி, அட்டையின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். 12 அட்டையிலும் அதே மூலை. அந்த இடத்தில் எதையும் அச்சிடக்கூடாது. கண்டெடுத்த துண்டு உட்காரப்போவது அங்கேதான். இதைச் செய்யாதவர்கள் கடைசியில் அழகாக விழுந்த கரும்பின்மேலேயே டிக்கெட்டை ஒட்டவேண்டி வரும்.

பிறகு எல்லா அட்டையிலும் முதலில் சூரியன், பிறகு பானை, பிறகு கரும்பு, கடைசியில் எழுத்து. ஓர் அட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதைவிட, ஓர் அச்சை 12 அட்டையிலும் போட்டு முடிப்பது வேகம். வண்ணம் மாற்றும்போதெல்லாம் அச்சைக் கழுவும் வேலையும் மிச்சம். பானை பொங்குவதற்கு, துணியைச் சிறு பந்தாகச் சுருட்டி வெள்ளை அக்ரிலிக்கில் தொட்டு வாய்ப்பக்கம் நாலு ஒற்று.

துண்டு திரட்டுவது

இதற்குக் கடைக்குப் போகவேண்டாம். பெறுபவரை மனதில் நிறுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள்.

தினசரி காலண்டர் தாள்தான் என் முதல் தேர்வு. பெரிய சிவப்பு எண், நல்ல நேரம், ராகு காலம், ஒரு மூலையில் அன்றைய விசேஷம் என்று அதுவே ஒரு முழுச் சித்திரம். அவரவர் பிறந்தநாள், கல்யாண நாள் வரும் தாளைக் கிழித்து எறியாமல் ஆண்டு முழுதும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் அட்டை செய்ய உட்காரும்போது கை நிறையத் துண்டு இருக்கும். அடுத்தது பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகள். தங்க அச்சு, கனமான தாள், ஓரச் சித்திரம் எல்லாம் இருக்கும். சாமி படம் இருப்பதால் குப்பையில் போடவும் மனம் வராமல் வைத்திருப்போம். ஓரத்தையும் பூ வேலையையும் மட்டும் வெட்டி எடுங்கள்.

தையல் தைக்கும் அத்தைக்கு ஜாக்கெட் துணியின் ஓரமும் ஒரு பித்தானும். பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்குப் பழைய அச்சடித்த டிக்கெட். கூடப் படித்த சிநேகிதிக்கு நாலு கோட்டு நோட்டிலிருந்து ஒரு தாள், அல்லது வாய்ப்பாட்டின் ஒரு மூலை. பெட்டிக்கடை வைத்திருக்கும் மாமாவுக்குத் தீப்பெட்டி லேபிள். ஊரைவிட்டுப் போய் ரொம்ப நாளான அண்ணனுக்கு ஊர்ப் பெயர் தெரியும் தபால் முத்திரை குத்திய பழைய உறையின் மூலை. இப்படிப் பட்டியல் போட்டுக்கொண்டே போகலாம், ஆனால் உங்கள் அத்தையை உங்களுக்குத்தான் தெரியும்.

உறையிலிருந்து தபால்தலையைப் பிரிக்க, காகிதத்தோடு வெட்டி எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். அரை மணியில் தானாகக் கழன்றுவிடும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் வகை தண்ணீரில் கழன்று வராது, காகிதத்தோடு வெட்டிப் பயன்படுத்துங்கள்.

சில எச்சரிக்கை. மெஷினில் வரும் பஸ் டிக்கெட்டும் கடை பில்லும் வெப்பத்தில் கருக்கும் காகிதம். சூடு பட்டால் கறுத்துவிடும், சும்மா விட்டாலும் எழுத்து மறைந்துபோகும். அவற்றை ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலை ஒட்டுங்கள். செய்தித்தாள் பழுக்கும், அதற்கும் நகலே நல்லது. குன்றிமணி பார்க்கக் கொள்ளை அழகு, ஆனால் உள்ளே கொடிய நஞ்சு இருக்கிறது. உரிந்து விழுந்து ஒரு குழந்தை மென்றுவிட்டால் விபரீதம். சிவப்பு மணி வேண்டுமானால் மஞ்சாடி விதை. ரூபாய் நோட்டை வெட்டி ஒட்டாதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் அட்டையில் விதையும் நெல்மணியும் வேண்டாம், சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். மயிலிறகை வெளிநாட்டுக்கு அனுப்புவது சட்டப்படியே கூடாது.

ஒட்டுவது

மெல்லிய தாளில் பசையைத் தடவினால் அது உடனே விரிந்து சுருண்டுகொள்ளும். அதனால் பசையை அட்டையில் தடவி, தாளை மேலே படியவிடுங்கள். காலண்டர் தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டிக் காயவைத்து, பிறகு அளவுக்கு வெட்டுங்கள். வெட்டுவதைவிட, ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கிழித்தால் ஓரம் பஞ்சு பஞ்சாக வந்து அட்டையோடு இழையும்.

ஃபெவிகாலில் கால் பங்கு தண்ணீர் கலந்தால் காகிதத்துக்குப் போதும். இன்னும் மலிவான வழி மைதா பசை: ஒரு ஸ்பூன் மைதாவை 6 ஸ்பூன் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி மாதிரி ஆகும்போது இறக்கவேண்டும். இது மெதுவாகக் காய்வதில் ஒரு சௌகரியம் உண்டு, துண்டுகளை நகர்த்திப் பார்க்கலாம். டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், கிழிந்த சுவரொட்டி என்று தெருவில் கிடந்ததையெல்லாம் ஒட்டிப் படமாக்கிய ஜெர்மானிய ஓவியர் குர்ட் ஷ்விட்டர்ஸும் மாவும் தண்ணீரும் கலந்த பசையைத்தான் தடவிக்கொள்வாராம். அது ஈரமாக இருக்கும்போதே துண்டுகளை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே இருந்து, கண்ணுக்குப் பிடித்த இடம் வந்ததும் நிறுத்துவார். 1919 முதல் இந்த வகைப் படைப்புக்கு அவர் வைத்த பெயர் 'மெர்ஸ்'. நீங்களும் அப்படியே தள்ளிப் பாருங்கள். துண்டு நேராக இருப்பதைவிட ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது.

மைதா பசைக்கு இரண்டு குறை. ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், வருஷக்கணக்கில் வைத்திருந்தால் பூச்சி அரிக்கும். பைண்டிங் செய்பவர்கள் இதற்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம் என்பதால் வீட்டு அடுப்பில் அந்த வேலை வேண்டாம். நெடுநாள் இருக்கவேண்டிய படத்துக்கு ஃபெவிகாலைப் பயன்படுத்துங்கள்.

பித்தான், துணி, சணல் கயிறு, உலோகத் துண்டு ஆகியவற்றைத் தையுங்கள். ஊசியால் முதலில் துளை போட்டுக்கொண்டு, இரட்டை நூலில் தைத்து, முடிச்சை உள்பக்கம் வையுங்கள். அதை மறைக்க உள்ளே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டால் வாழ்த்து எழுதவும் இடமாயிற்று. உடனே ஒட்டும் சூப்பர் பசை காய்ந்ததும் சுற்றிலும் வெள்ளைப் புகை படியும். அது வேண்டாம்.

ஒட்டிய அட்டை ஒரு பக்கமாக வளைகிறதா? ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையையும் இழுக்கிறது. பின்பக்கம் அதே அளவில் இன்னொரு தாளை ஒட்டினால் இழுப்பு சமமாகும். உள்ளே ஒட்டும் அந்த வெள்ளைத் தாள் இந்த வேலையையும் செய்துவிடும். எடைக்கு அடியில் வைக்கும்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். ஃபெவிகால் பூசிய பரப்பும் அக்ரிலிக்கும் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எத்தனை துண்டு ஒட்டலாம்? ஒன்று. மிஞ்சினால் ஒன்றரை. டிக்கெட்டோடு பித்தானும், பித்தானோடு ஜரிகையும், ஜரிகையோடு மயிலிறகும் சேர்ந்தால் எதுவுமே கண்ணில் படாது. நிறையச் சேர்க்க ஆசையாக இருந்தால் அட்டையை விட்டுவிட்டு ஏ3 அளவுக் கெட்டி அட்டையில் சுவர்ப்படமாகச் செய்யுங்கள். முறை இதேதான். அங்கே முதலில் முழுப் பரப்புக்கும் வெள்ளை அக்ரிலிக் ஒரு பூச்சு கொடுத்து, பெரிய துண்டுகளை அடியில் ஒட்டி, மேலே அச்சிட்டு, நடுநடுவே வண்ணத்தைத் தண்ணீராக்கிப் பூசி, மறுபடி ஒட்டலாம். அச்சு துண்டின்மேல் பாதியும் பின்னணியில் பாதியுமாக ஏறினால் இரண்டும் இணையும். உடைந்த வளையல், பீங்கான் சில்லு என்று கனமானவையும் தாங்கும். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த் அப்படிப்பட்ட கழிவுகளை வைத்து ஒரு பூங்காவையே கட்டினார், 1976-ல் மக்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

உறையும் தபாலும்

105 × 148 மி.மீ. அட்டைக்கு சி6 உறை (114 × 162 மி.மீ.) சரியாக இருக்கும். சாதாரண ஏ4 தாளை மடித்தும் உறை செய்யலாம். உட்பக்கம் கல்யாணப் பத்திரிகையின் வண்ணத் தாள் ஒன்றை ஒட்டினால் திறக்கும்போது நன்றாக இருக்கும்.

எடையை முன்கூட்டியே கணக்கிடலாம். 250 ஜி.எஸ்.எம். ஏ5 தாள் கிட்டத்தட்ட 8 கிராம், ஏ4 தாளில் செய்த உறை 5 கிராம். கடிதத்துக்கான முதல் எடை வரம்பு 20 கிராம் என்பதால் துண்டு, பசை, உள்தாள் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 7 கிராம் மிச்சம். காகிதத் துண்டுக்கு இது தாராளம், ஒரு சட்டைப் பித்தானும் அடங்கும். கோட்டுப் பித்தான் என்றால் கவுண்டரில் எடை போட்டுக் கேட்டுக்கொண்டு தபால்தலை ஒட்டுங்கள். தலை குறைவாக ஒட்டினால் அபராதக் கட்டணம் வாழ்த்தைப் பெறுபவர் தலையில் விழும். புடைப்பான பொருள் இருந்தால் அதற்கு எதிரே ஒரு கெட்டி அட்டையை வைத்து, முத்திரை குத்தும் மூலையிலிருந்து தள்ளி வரும்படி உறைக்குள் போடுங்கள். அந்தக் குத்தைப் பித்தான் தாங்காது.

உள்நாட்டுக்கு ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் டிசம்பர் முதல் வாரம்.

அச்சுகளை அன்றன்றே கழுவிவிடவேண்டும். அக்ரிலிக் காய்ந்தால் சுழிகளுக்குள் கல்லாகிவிடும். பழைய பல்துலக்கியும் சோப்புத் தண்ணீரும் போதும். காயவைத்து, ஒவ்வொரு ரப்பரையும் காகிதத்தில் சுற்றி வையுங்கள். வினைல் ரப்பர் பிளாஸ்டிக் டப்பாவை நேரடியாகத் தொட்டுக்கொண்டே கிடந்தால் இரண்டும் இளகி ஒட்டிக்கொள்ளும். தகர பிஸ்கட் டப்பா இருந்தால் கவலையில்லை. மூடியில் எந்தெந்த எழுத்து இருக்கிறது என்று அச்சிட்டு ஒட்டிவிடுங்கள், அடுத்த வருஷம் தேடவேண்டியதில்லை.